தெற்கே ஒரு கறுப்பு மேடு

என் வீட்டுக்காரர் பம்பு மெக்கானிக். பழைய டெலஸ்கோப் ஒன்றை வாங்கியதிலிருந்து, சாயங்காலமானால் கொல்லையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கோணமானியில் நூல் கட்டி நட்டு ஒன்றைத் தொங்கவிட்டு, அக்கம்பக்கத்து மொட்டைமாடிகளை ஒற்றைக் கண்ணால் அளக்கிறார்.

"எந்த வீடு எவ்வளவு வானத்த மறைக்குதுன்னு படம் போடறேன்" என்றார். யார் காதில் பூ சுற்றுகிறார்? மேற்கே தையற்காரியின் மாடியை மட்டும் திரும்பத் திரும்ப அளந்தார். அவள் துணி எடுக்க வருகிற நேரம் அது. கேட்டால், "வெள்ளி அங்கதான் இறங்கும்" என்கிறார். வெள்ளியாம்!

நானும் விடவில்லை. தினமும் தெற்கு மூலையில் துவைக்கிற கல்மேல் ஏறி, இடுப்பில் கைவைத்துக் காவல் நின்றேன்.

நேற்று படம் முடிந்தது. சுற்றிலும் கூரைகள், மரங்கள், தண்ணீர்த் தொட்டி, எல்லாம் கறுப்பாக. தையற்காரியின் மாடி விரல் தடிமன்கூட இல்லை. தெற்கே மட்டும், இருபுறமும் கைப்பிடி வைத்ததுபோல ஒரு மேடு பாதி வானத்தை விழுங்கியிருந்தது.

"தெக்குப் பக்கம் இவ்வளவு உசரமா எதுவும் இல்லையே. இது யார் வீடு?" என்று மடக்கினேன்.

அவர் நிமிராமலே சொன்னார்: "வீடு இல்ல, நீதான். எப்ப அளந்தாலும் அங்கதானே நிக்கிற."