இருவர் உட்காரும் சீட்

பதுளை டவுனில் ஆட்டோவுக்குக் கூடாரமும் சீட் உறையும் தைக்கிற கடைகள் நாலைந்து இருக்கின்றன. அதில் ஒரு கடையில் மட்டும் தையல் மெஷினுக்குப் பின்னால் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினால், என்ன கலர், என்ன டிசைன் என்று கேட்பதற்கு முன்னால் "வண்டி யாருது?" என்றுதான் கேட்பாள். புதிதாக வருகிறவர்கள், திருட்டு வண்டி என்று சந்தேகப்படுகிறாளோ என்று முகத்தைச் சுளிப்பார்கள். பழகியவர்கள் சிரித்துக்கொண்டே, "என்னுதுதாங்க்கா, சத்தியமா" என்பார்கள். சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கத்தரிக்கோலை எடுப்பாள்.

அவள் பெயர் ஜீவராணி. ஹாலிஎலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவள். பள்ளிக்கூடம் முடிந்ததும் ரவிக்கை தைக்கத்தான் முதலில் பழகினாள். அளவு எடுக்கும்போது வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றுவிட்டு, தைத்த பிறகு இறுக்குகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களோடு அவளுக்கு ஒத்துவரவில்லை. ஆட்டோ சீட்டுக்கு அந்த வம்பு இல்லை. அளவு எடுத்தால் எடுத்ததுதான். ரவிக்கைத் துணியை மூட்டை கட்டி வைத்துவிட்டு ரெக்சினுக்கு மாறினாள். பொம்பளை தைத்த சீட்டில் எப்படி உட்காருவது என்று கேலி பேசிய டிரைவர்மார் எல்லாரும் ஒரு வருஷத்தில் அவள் கடை முன்னால் வரிசையில் நின்றார்கள்.

புருஷன் ஜெயகுமார் தோட்டத்துப் பெக்டரியில் மெஷின் வேலை. நல்ல மனுஷன் என்று ஊரே சொல்லும். குடி கிடையாது, கை நீட்டுவது கிடையாது. சோற்றில் உப்பு இல்லாவிட்டாலும் சத்தம் போடாமல் சாப்பிட்டுவிட்டுப் போவான். இப்படிப்பட்டவர்களிடம்தான் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று ஜீவராணிக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பெற்றோலுக்கு ஊரே வரிசையில் கிடந்த வருஷம் அது. ஹாலிஎலையில் ஒரு பேக்கரிக்காரர் தன் கடை ஆட்டோவுக்குக் கூடாரமும் சீட்டும் தைத்து வாங்கியவர், கூலிக்குப் பதிலாகக் கோழிக்கூட்டின் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடந்த ஒரு பழைய ஹொண்டா மோட்டார் சைக்கிளைக் காட்டினார். வேறு யாராவது என்றால் தலையில் அடித்துக்கொண்டு வந்திருப்பார்கள். ஜீவராணி அதைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தாள். கொஞ்ச நாளாக அவள் போனில் ஒரு மாதிரி வண்டிகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஹேண்டில் தாழ்ந்து, டேங்க் நீண்டு, பின்னால் ஒரு சின்னத் திமிலோடு ஒற்றை ஆள் மட்டும் குனிந்து உட்காரும் சீட். கஃபே ரேசர் என்றார்கள். அந்தக் காலத்தில் வெள்ளைக்காரப் பொடியன்மார் ஒரு தேத்தண்ணிக் கடையிலிருந்து இன்னொரு கடைக்கு இதில் பந்தயம் விடுவார்களாம். "தேயிலை பறிக்கிறவங்க நாம, தேத்தண்ணி குடிக்கப் பறக்கிறவன் வண்டி நமக்கு எதுக்கு?" என்று ஜெயகுமார் சிரித்தான். சிரித்தவன்தான் மறுநாள் பெக்டரி கொழுந்து லொறியில் அதை ஏற்றிக்கொண்டுவந்து இறக்கினான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் பதுளையில் ஸனூஸ் நானாவின் கராஜுக்குப் போனார்கள். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தது நானா. துருவைச் சுரண்டி, பின்பக்கக் கம்பியை வளைத்துப் பற்றவைத்தது ஜெயகுமார். சீட் மட்டும் முழுக்க ஜீவராணியுடையது. தகரத்தைத் தட்டி அடித்தளம் செய்து, ஸ்பொன்ஜைப் பேக்கரியில் பாண் அறுக்கிற கத்தியால் செதுக்கி, குறுக்குக் கோடுகளாகத் தையல் போட்டாள். மடுல்சீமைப் பக்கத்திலிருந்து ஒரு டேங்க், பண்டாரவளையில் ஒரு பழைய சாமான் கடையிலிருந்து ஒரு விளக்கு என்று தேடித் தேடிச் சேர்த்தார்கள். கல்யாணமாகி ஆறேழு வருஷத்தில் அவர்கள் இருவரும் இவ்வளவு பேசிக்கொண்டது அந்தக் கராஜில்தான்.

வண்டி அவளுக்கு என்பது முதல் நாளே பேசியாகிவிட்டது. கடையைச் சாத்திவிட்டு பஸ்ஸுக்கு ஓடி, ஹாலிஎலையில் இறங்கி, மேட்டு ரோட்டில் நடக்கிற நடை அவளுக்கு வெறுத்துப்போயிருந்தது. தவிர, தன்னுடையது என்று சொல்ல அவளுக்கு வேறு எதுவும் இல்லை. லயத்து அறை தோட்டத்துடையது. தையல் மெஷின், கடையை வாடகைக்குக் கொடுத்தவருடையது. ஓட்டப் பழகி லைசன்ஸும் எடுத்தாள். வண்டியைப் பேர் மாற்றும் நேரத்தில் கடையில் வேலை குவிந்து கிடந்ததால் ஜெயகுமாரே போய்த் தன் பேரில் மாற்றிக்கொண்டு வந்தான். எதற்கு என்று கேட்டதற்கு, "ஒன் பேரு என் பேருன்னு நமக்குள்ள என்னா இருக்கு?" என்றான். அதைக் கேட்டு அவளுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இன்றைக்கும் அந்த நேரத்தை நினைத்தால் தன் தலையில் தானே குட்டிக்கொள்கிறாள்.

அந்தச் சமயத்தில் ஜெயகுமாரின் தங்கை தனுஜாவுக்கு வெலிமடைப் பக்கத்தில் மாப்பிள்ளை அமைந்தது. துஷாந்த் என்று பெயர், மரக்கறி வியாபாரம். சீதனம் என்று ஒன்றும் கேட்கவில்லை, தங்கமான சனம் என்று ஜெயகுமார் வந்து சொன்னான். தனுஜா என்றால் ஜீவராணிக்கு உயிர். கூறைச் சேலைக்கு ரவிக்கை தைக்க, விட்டுப்போன அந்த வேலையை அவளுக்காக மறுபடியும் எடுத்தாள். தனுஜாவும் அடிக்கடி கராஜுக்கு வந்து வண்டியைத் தடவிப் பார்ப்பாள். "அண்ணி, கறுப்புச் சீட்டுக்கு சிவப்பு நூல் போட்டா எடுப்பா இருக்கும்" என்றாள். ஜீவராணி சிவப்பு நூலே போட்டாள்.

சீட் முடிந்து திமிலுக்குத் தையல் ஓடிக்கொண்டிருந்தபோது ஜெயகுமார் ஒரு நாள் கடைக்கு வந்தான். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஜீவா, இத ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி நீட்ட ஏலாதா?" என்றான். அந்த வண்டியின் அழகே ஒற்றைச் சீட்தான். வேறு யார் கேட்டிருந்தாலும் துரத்தியிருப்பாள். ஆனால் அவள் மனம் வேறு கணக்குப் போட்டது. தான் ஓட்ட, அவன் பின்னால் உட்கார்ந்து வரப் பிரியப்படுகிறான் என்று நினைத்துக்கொண்டாள். நாலு பேர் பார்க்கப் பெண்டாட்டிக்குப் பின்னால் உட்கார ஆசைப்படுகிற புருஷன் தோட்டத்தில் எத்தனை பேருக்கு வாய்ப்பான் என்று பெருமையாகவும் இருந்தது. போட்ட தையலை முழுக்கப் பிரித்தாள். தகரத்தை நீட்டித் திமிலைப் பின்னுக்குத் தள்ளினாள். பின்பக்கம் உட்காருகிறவருக்குக் குலுங்காமல் இருக்க அங்கே ஸ்பொன்ஜை ஒரு பிடி கூடவே வைத்தாள்.

கல்யாணத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை வண்டிக்குப் பூசை. தோட்டத்து மாரியம்மன் கோயில் வாசலில் வண்டி பளபளவென்று நின்றது. ஜீவராணி தலை குளித்து, நல்ல சேலை கட்டி, மாலையும் தேங்காயும் சக்கரத்தில் வைக்க எலுமிச்சம்பழமும் தானே தேடி வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்காரர்களும் வந்திருந்தார்கள். கல்யாணத்துக்கு முன்னால் கோயிலுக்கு வந்து கும்பிட்டுப் போகிறார்கள் என்று அவள் நினைத்தாள். எல்லாருக்கும் ஓடியோடித் தண்ணீர் கொடுத்தாள்.

பூசாரி தட்டைக் கையில் எடுத்தார். புது வண்டிக்கு அர்ச்சனை செய்யும்போது சொந்தக்காரரின் பேரும் நட்சத்திரமும் சொல்ல வேண்டும். அந்தப் பேருக்குத்தான் அம்மன் காவல் என்பது வழக்கம். "யாரு பேருக்குங்க?" என்று பூசாரி கேட்டார்.

ஜீவராணி வாயைத் திறந்தாள். அதற்குள் ஜெயகுமார் சொல்லிவிட்டான்.

"துஷாந்த். அவிட்ட நட்சத்திரம்."

தவறி வந்த பேர் என்றுதான் முதலில் நினைத்தாள். திருத்துவதற்காகப் புருஷனைப் பார்த்தாள். அவன் அம்மனைப் பார்த்துக் கைகூப்பி நின்றான். தனுஜா தலையைக் குனிந்திருந்தாள். மற்ற ஒருவர் முகத்திலும் ஆச்சரியம் இல்லை. அங்கே நின்ற அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது, எலுமிச்சம்பழம் வாங்கிக்கொண்டு வந்தவளுக்கு மட்டும் தெரியவில்லை. அதைவிட ஒரு அற்ப விஷயம் அவளைச் சுட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவள் பேருக்கு அர்ச்சனை என்றால் ஜெயகுமார் திரும்பி, "ஒன் நட்சத்திரம் என்னா?" என்று அவளிடமேதான் கேட்பான். மச்சான் நட்சத்திரம் மட்டும் நாக்கு நுனியில் இருந்தது.

மாப்பிள்ளை வண்டியில் ஏறி மிதித்தான். பிடிக்கவில்லை. பழைய எஞ்சின், பெற்றோல் குழாயைத் திறந்து, சாவி போடாமல் இரண்டு தடவை மெதுவாக மிதித்து, அப்புறம் சாவியைப் போட்டு மிதித்தால்தான் பிடிக்கும். அவன் வேர்த்து விறுவிறுக்க மிதித்துக்கொண்டே இருந்தான். ஜெயகுமார் அவள் பக்கம் திரும்பி, "ஜீவா, நீ ஒருக்கா பாரேன்" என்றான், பக்கத்து வீட்டுக்காரனிடம் தீப்பெட்டி கேட்கிற மாதிரி.

அவள் போனாள். ஏன் போனாள் என்று பிறகு எத்தனையோ தடவை தன்னையே கேட்டுப் பார்த்துவிட்டாள். பழகிய கையும் காலும் மானம் ரோஷம் பார்ப்பதில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மிதித்தாள். வண்டி பிடித்தது. இறங்கி விலகி நின்றாள். துஷாந்த் எலுமிச்சம்பழங்களை நசுக்கிக்கொண்டு ஓட்டிப்போனான். சனம் கைதட்டியது.

லயத்துக்குத் திரும்பும் வழியில் ஜெயகுமார் விளக்கம் சொல்லிக்கொண்டே வந்தான். வாகனம் இறக்குமதி நின்றுபோனதில் புது மோட்டார் சைக்கிள் விலை ஆகாயத்தில் நிற்கிறதாம். மோட்டார் சைக்கிள் இல்லையென்றால் இந்தச் சம்பந்தம் முறிந்திருக்குமாம். முன்னாலேயே சொன்னால் அவள் சீட் வேலையை முடித்துத் தர மாட்டாளோ என்று பயமாம். வெளியாளுக்கா போகிறது, தங்கச்சிக்குத்தானே என்று பூசி மெழுகினான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"ரெண்டு பேரு உக்கார்ற மாதிரி தைக்கச் சொன்னீங்களே. அன்னைக்கே முடிவு பண்ணிட்டீங்களா?"

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நடந்தான்.

ஸனூஸ் நானாவிடம் போய்க் கேட்டாள். அவர் எண்ணெய்க் கையைத் துடைத்தபடி, "எனக்குத் தெரியும் தங்கச்சி. குடும்ப விசயம் என்டு வாயப் பொத்திக்கிட்டன்" என்றார். அன்றிலிருந்து அந்தக் கராஜ் பக்கம் அவள் தலைவைத்துப் படுப்பதில்லை. வீட்டில் சண்டை போடவில்லை, பிறந்த வீட்டுக்கும் போகவில்லை. ஜெயகுமாருக்குச் சோறு போடுகிறாள், துணி துவைக்கிறாள். அவன் நாளைக்கு மழை வரும் என்று சொன்னால் வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வருகிறாள்.

போன மாசம் அந்த வண்டி அவள் கடை முன்னால் வந்து நின்றது. முதலில் அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. தாழ்ந்த ஹேண்டிலைக் கழற்றிவிட்டு உயரமான ஒன்றைப் போட்டிருந்தார்கள். பின்னால் லீக்ஸ் மரக்கறி மூட்டை கட்ட ஒரு இரும்புக் கெரியர். சிவப்பு நூல் மட்டும் அப்படியே இருந்தது. துஷாந்த் சந்தை வேலை என்று அவசரமாகப் போய்விட்டான். தனுஜா சாவியோடு நின்றாள். மெலிந்திருந்தாள்.

அவள் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். குனிந்து ஓட்டி அவருக்கு இடுப்பு வலி வந்துதான் ஹேண்டிலை மாற்றினாராம். இப்போது திமிலும் மூட்டைக்கு இடைஞ்சலாக இருக்கிறதாம். சீட்டைப் பிரித்து, பின்பாதியிலும் மூட்டை வைக்கிற மாதிரி தட்டையாகத் தைத்துத் தர வேண்டுமாம். வேறு யாரிடமும் கொடுக்க மனம் வரவில்லையாம். அப்படியென்றால் நீ எங்கே உட்காருவாய் என்று ஜீவராணி கேட்டாள். தான் பஸ்ஸில்தான் போய் வருவதாகத் தனுஜா சொன்னாள்.

ஒரு பிடி ஸ்பொன்ஜ் கூட வைத்த அந்த இடத்தை ஜீவராணி கையால் தடவினாள். மூட்டைக் கயிறு அறுத்து ரெக்சின் கிழிந்திருந்தது. பிறகு எல்லாரிடமும் கேட்கிற கேள்வியைக் கேட்டாள்.

"வண்டி யாருது?"

தனுஜாவின் கண் கலங்கியது. "ஒங்களுதுதான் அண்ணி. எனக்குத் தெரியாதா?"

ஜீவராணி கையை நீட்டினாள். "அப்ப சாவியக் குடு."

தனுஜா அண்ணியின் கையைப் பார்த்தாள், தன் கையிலிருந்த சாவியைப் பார்த்தாள். மெல்ல, தனக்கே தெரியாத மாதிரி, அவள் விரல்கள் சாவியின் மேல் மூடிக்கொண்டன.

ஜீவராணி நீட்டிய கையை மடக்கிக்கொண்டு போய் மெஷினில் உட்கார்ந்து, காலையில் பாதியில் விட்ட ஆட்டோ கூடாரத்தைத் தைக்க ஆரம்பித்தாள்.