பொட்டு வைத்த இத்தாலிக் கேமரா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியதும் அட்டையை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தீர்களென்றால், நீங்கள் எங்கள் அண்ணனோடு பழகியவர்கள். எந்தக் காகிதம் கிடைத்தாலும் அவர் முதலில் தடவித்தான் பார்ப்பார், படிப்பதெல்லாம் பிறகுதான். அவர் மறைந்து ஓராண்டு நிறையும் இந்நாளில், தம்பி என்ற உரிமையில் சில வார்த்தைகள் எழுதுகிறேன்.

அண்ணன் பிறந்தது விருதுநகரில். அப்பா மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்தார். அவர் திடீரெனக் காலமானதும், அண்ணன் கல்லூரியைப் பாதியில் விட்டுவிட்டுச் சிவகாசிக்கு அச்சக வேலைக்குப் போனார். பட்டாசு லேபிளுக்குப் படம் எடுப்பதும் வண்ணம் பார்ப்பதும் அவர் வேலை. தங்கைகளைக் கட்டிக்கொடுத்து, என்னைப் படிக்கவைத்து, அதன் பிறகே சொந்தமாக ஓர் அச்சகம் தொடங்கினார். தமக்கென்று அவர் ஆசைப்பட்டு வாங்கியவை பழைய கேமராக்கள் மட்டுமே. அவற்றில் உள்ளங்கைக்குள் அடங்கும் இத்தாலிக் கேமரா ஒன்று அவருக்கு உயிர். ஆயுத பூஜையன்று மிஷின்களோடு அதற்கும் பொட்டு வைப்பார். லென்ஸில் படாமல், மேல்மூடியில், மோதிர விரலால்.

அச்சு மிஷினைப் பொருத்த வந்த இத்தாலிக்காரர் மார்கோ அதை முதலில் பார்த்தது அப்படியொரு பூஜை நாளில்தான். அவரும் கேமரா சேர்ப்பவர். விலை கேட்டார். கொடுப்பதற்கில்லை என்று அண்ணன் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டார். உங்கள் ஊர்க்காரர்களுக்குப் பழைய சாமான்கள் மேல் ஏன் இத்தனை மோகம் என்று நான் கேட்டேன். மார்கோ கேமராவை என் கையில் வைத்து, கட்டைவிரல் தானாக எங்கே போய் உட்காருகிறது பாருங்கள் என்றார். யுத்தம் முடிந்து சோற்றுக்கே திண்டாடிய காலத்தில் அவர்கள் நாட்டில் செய்தது அது. காபிப் பாத்திரமோ நாற்காலியோ, புழங்குகிறவர் கைக்கும் கண்ணுக்கும் இதமாக இருக்க வேண்டும் என்று யாரோ ஒருவர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அந்த அக்கறையைக் குப்பையில் போட மனம் வராமல்தான் சேர்க்கிறோம் என்றார்.

அண்ணனுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தீபாவளி சீசனில் லோடு காத்து நிற்கும்போதும் சிவப்பு சரியில்லை என்று மிஷினை நிறுத்திவிடுவார். "பிரிச்சு எறியப்போற லேபிளுக்கு எதுக்குண்ணே இம்புட்டு மெனக்கெடு?" என்று அலுத்துக்கொள்வேன்.

"ஏலே, எறியுறதுக்கு முன்னால ஒரு புள்ள அதப் பாக்கும்ல. அதுக்குத்தான்."

சிறுநீரகம் பழுதாகிப் படுத்த பிறகு அவருக்கு ஒரே கவலைதான். "எனக்குப் பொறகு இத யாருலே பாத்துக்கிடுவா?" என்று கேமராவைக் காட்டிக் கேட்பார். எங்களில் யாருக்கும் அதன் அருமை தெரியாது. கடைசியில் மார்கோவுக்கே கொடுப்பதென்று முடிவுசெய்து தகவல் சொன்னார். அவரும் புறப்பட்டு வந்தார்.

விருந்தாளி கைக்குப் போகிற பொருள் மங்கலாக இருக்கலாமா என்று, அண்ணன் மனைவியான எங்கள் மதினி அவர் வருவதற்கு முந்தின நாள் குத்துவிளக்கோடு சேர்த்து அந்தக் கேமராவையும் புளியும் செங்கல் பொடியும் போட்டுத் துலக்கிவிட்டார். மேல்பூச்சு உரிந்துவிட்டது. இதையும் எழுதுங்கள் என்று சொன்னவர் மதினியேதான்.

அண்ணன் அதை வாங்கி வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தார். "விடு. வெளக்கு மாதிரி நெனச்சுத்தான செஞ்ச," என்றார். ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை. சேகரிப்பவர்கள் பூச்சுப் போன கேமராவைத் தொடமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

மறுநாள் மார்கோ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நாந்தான் தெரியாமச் செஞ்சுட்டேன்னு சொல்லுங்க தம்பி," என்று மதினி கதவோரம் நின்று சொன்னார். நான் விளக்கையும் புளியையும் இங்கிலீஷில் சொல்லி முடித்தேன். புத்தம் புதிதுபோல் என்னிடம் நிறைய இருக்கின்றன, சாமி விளக்கோடு இருந்தது இது ஒன்றுதான் என்றார் மார்கோ. அதைக் கேட்டு அண்ணன் முகம் தெளிந்தது. மதினி கேமராவை ஒரு மஞ்சப்பையில் குங்குமப் பொட்டலத்தோடு வைத்துக் கொடுத்தார். அடுத்த வாரம் அண்ணன் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அவரைக் கண்போலக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், சீசன் வேலையைப் போட்டுவிட்டு வந்து தோள்கொடுத்த அச்சகத் தோழர்களுக்கும், துக்கத்தில் உடனிருந்த சொந்தபந்தங்களுக்கும் எங்கள் குடும்பம் கைகூப்பி நிற்கிறது.

மார்கோவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். அண்ணன் இல்லாத முதல் ஆயுத பூஜையன்று அவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். கண்ணாடி அலமாரியில் வரிசையாகக் கேமராக்கள். பூச்சுப் போன அந்த ஒன்றில் மட்டும் குங்குமம். மதினி என் செல்போனைக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"லென்ஸ்ல படாம வச்சிருக்காக தம்பி," என்றார்.