மூன்று தெரு தள்ளி நின்ற வேன்

எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவின் முனையில் ஒரு தையற்கடை இருந்தது. அதன் பக்கச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு என் ஓரகத்தி நிற்பாள். அவளுக்கு மூச்சு வாங்குவது அடங்கும் வரை நானும் காலி டிபன் கேரியரோடு பக்கத்தில் நிற்பேன். முந்தானையால் முகத்தைத் துடைப்பாள், பூவைச் சரிசெய்வாள், "இப்போ பார்க்க எப்டி கீறேன்க்கா?" என்று கேட்பாள். நன்றாக இருக்கிறாய் என்பேன். அதற்குப் பிறகுதான் சுவரைத் தாண்டி, மைதானத்தில் வேனோடு காத்திருக்கும் அவள் அப்பாவின் கண்ணில் படும்படி நடப்போம். எண்பதுகளின் கடைசியில் அம்பத்தூரில் நாங்கள் இருவரும் சேர்ந்து ஆடிய நாடகம் அது.

அவர் ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வண்டி ஓட்டியவர். மனைவி முன்பே போய்விட்டார். ஓய்வு பெற்றதும் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டிவந்தது. மூத்த பெண் வேலூரில், அடுத்தவள் திண்டிவனத்தில், கடைக்குட்டி எங்கள் வீட்டில், என் கொழுந்தனுக்கு மனைவியாக. "ஒருத்தி பக்கத்துல ஊடு புடிச்சா மத்தவளுங்க கோச்சிக்குவாளுங்க" என்று சொல்லிவிட்டு, ஏலத்தில் ஒரு பழைய வேனை வாங்கினார். உள்ளே சீட்டுகளைக் கழற்றிப் பலகைக் கட்டில் போட்டார். ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ், ஒரு டிரங்குப் பெட்டி, தண்ணீர் கேன், மனைவியின் பழைய புடவையில் திரைச்சீலை. அவ்வளவுதான் குடித்தனம். மூன்று ஊரையும் சுற்றிச் சுற்றி வருவார். வழியில் ஏரிக்கரையோ மர நிழலோ பிடித்துப்போனால் நான்கு நாள் அங்கேயே தங்கிவிடுவார். அவருக்குக் கடிதம் போட விலாசம் கிடையாது.

எங்கள் மாமியார் நல்ல மாதிரி. "உள்ள வந்து படுங்க சம்பந்தி" என்று ஒவ்வொரு முறையும் மனதாரக் கூப்பிடுவார். "பொண்ணு குடுத்த ஊட்ல காலை நீட்டினு படுக்கிறதா? நல்லா கீதே!" என்று சிரித்துவிட்டு, வாசலில் நின்றபடியே ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டுச் சோறு ஒரு வாய் சாப்பிட்டதில்லை. தானே சமைத்து மகளுக்குப் போட்டு, மிச்சக் குழம்பை எங்கள் கேரியரில் ஊற்றி அனுப்புவார். மனிதர் வைக்கிற நெத்திலிக் குழம்புக்காக என் வீட்டுக்காரரே தேதி பார்த்துக்கொண்டிருப்பார்.

முதலில் வேன் எங்கள் வாசலுக்கு எதிரேதான் நின்றது. ஒருநாள் எதிர்வீட்டுக்காரர் விளையாட்டாக, "இன்னா சம்பந்தி, வாசல்லயே குடித்தனம் வந்துட்டீங்களா?" என்றார். இவரும் கூடவே சிரித்தார். ஆனால் அடுத்த முறை வேன் மூன்று தெரு தள்ளி, காலி மைதானத்தில் போய் நின்றது. வாசலுக்கு வருவதையும் விட்டுவிட்டு, வந்த சேதியைத் தையற்கடைக்காரரிடம் சொல்லி அனுப்புவார். தன்னால் மகளுக்கு ஒரு பேச்சு வந்துவிடக் கூடாது என்பதில் அப்படி ஒரு ரோஷம். நாங்கள் எவ்வளவோ சொல்லியும் கேட்கவில்லை.

அந்த வருஷம்தான் அவளுக்கு இதயத்தில் வால்வு பழுது என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷனுக்கு நாள் குறிப்பார்கள், அதுவரை அலையக் கூடாது என்றார்கள். அப்பாவிடம் மூச்சு விடக் கூடாது என்று எங்கள் எல்லோரிடமும் சத்தியம் வாங்கிக்கொண்டாள். "தெரிஞ்சா நைனா இங்கயே குந்திக்கும். அக்காளுங்க ஏங்கிப் பூடுவாங்க. ஆபரேஷன் முடியட்டும், நானே சொல்லிக்கிறேன்." வண்டியை வாசலிலாவது நிறுத்தச் சொல்லட்டுமா என்று கேட்டேன். "ஏன்னு கேக்குமே, இன்னா சொல்லுவ?" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

வேனில் ஏறிவிட்டால் அவள் சின்னக் குழந்தைதான். கட்டிலில் சம்மணம் போட்டுக்கொண்டு குழம்பில் முள்ளைப் பொறுக்கித் தரச் சொல்வாள். "இன்னா கண்ணு, எளைச்சிட்ட மாதிரி கீது?" என்று அவர் கேட்டால், என்னைக் காட்டி, "அக்காதான் நைனா வேலை வாங்கியே கொல்லுது" என்பாள். நானும் சிரித்துக்கொண்டே பழியை ஏற்றுக்கொள்வேன்.

ஆபரேஷனுக்கு நாள் வருவதற்கு முன்பே, ஐப்பசி மழையில் ஒரு நாள் விடியற்காலையில் அவள் போய்விட்டாள். அக்காமார்கள் இருவருக்கும் தந்தி போய்ச் சேர்ந்தது. அப்பாவுக்கு எந்த விலாசத்துக்குக் கொடுப்பது? திண்டிவனத்திலிருந்து எங்கள் வீட்டை நோக்கித்தான் கிளம்பியிருந்தார். பெரிய மாப்பிள்ளை அந்த வழியெல்லாம் டீக்கடை டீக்கடையாக விசாரித்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். ஒன்றரை நாள் வைத்திருந்தோம். அதற்கு மேல் முடியவில்லை.

எடுத்த மறுநாள் தையற்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார். "உங்க வேன்காரர் வந்து கீறாரும்மா. பொண்ணு வருதான்னு பார்த்துகினு நிக்கிறாரு. எனக்குச் சொல்ல வாய் வரல" என்றார். அக்காமார்கள் உள்ளே துவண்டு கிடந்தார்கள். ஆண்களை அழைத்துப் போயிருக்க வேண்டும். எனக்கு எதுவும் தோன்றவில்லை, தனியாக நடந்தேன்.

ஸ்டவ்வில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. கட்டிலில் இரண்டு தட்டு. என்னைப் பார்த்தவர் எனக்குப் பின்னால் பார்த்தார். "நீ மட்டும் வர்ற? அவ எங்க கண்ணு?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அவர் குனிந்து ஸ்டவ்வை அணைத்தார். "நல்லாத்தானே இருந்தா. உனக்கு முன்னாடியே ஏதாச்சும் தெரியுமா?" என்று கேட்டார்.

"தெரியாது மாமா. திடீர்னு வந்துடுச்சு."

தெரியும் என்றால், அப்புறம் ஏன் நடக்கவிட்டாய் என்று கேட்பாரே. அவர் மனம் தாங்காது என்றுதான் மறைத்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதிதான் உண்மை. மீதிப் பாதி பயம். இப்போது அந்த மைதானம் முழுக்க அடுக்குமாடி வீடுகள். எனக்கும் அன்றைக்கு அவருக்கிருந்த வயதாகிவிட்டது. இன்றைக்குக் கேட்டால் சொல்லிவிடுவேன். கேட்க அவர் இல்லை.

அன்று அவர் என் தலையில் கை வைத்தார். "நீ இன்னா பண்ணுவ கண்ணு" என்றார். பிறகு என்னை முன்சீட்டில் ஏறச் சொல்லி, வேனை எடுத்துக்கொண்டு வந்து எங்கள் வாசலிலேயே நிறுத்தினார். மூன்று தெருவையும் கடந்து வர இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.