நிசார் பாயின் ஏணி

இண்டூரில் நிசார் அகமதுவுக்குத் தொழில் பெயிண்ட் அடிப்பது. ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்ததென்னவோ ஏணியால்தான். கல்யாணமான கையோடு, இருபது வருடத்துக்கு முன் வாங்கிய நீள மூங்கில் ஏணி. தேங்காய் பறிக்க, டிவி டிஷ்ஷைத் திருப்ப, எவர் வந்து கேட்டாலும் "எடுத்துட்டுப் போங்க" என்பார். வாடகை என்ற பேச்சே கிடையாது. உடைத்தவர் சரிசெய்து தர வேண்டும், அவ்வளவுதான் சட்டம். இப்படியும் ஒரு மனுஷன் உண்டா என்று மனைவி அனம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்தாள்.

அன்றைக்கு மட்டும் அவள் அலுக்கவில்லை. இரண்டு மாதமாகச் சும்மா கிடந்த நிசாருக்குக் கல்யாண மண்டபம் முழுக்கப் பெயிண்ட் அடிக்கும் வேலை வந்திருந்தது. மண்டபக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார்: "காலைல ஒன்பது மணிக்குச் சொந்த ஏணியோட வா பாய். எரவல் ஏணி வரலன்னு கதை சொன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்." ஏழு மணிக்குக் கொல்லைப்பக்கம் போய்ப் பார்த்தால் சுவர் இருக்கிறது, ஏணியைக் காணோம்!

"ஊருக்கெல்லாம் ஏணி, நமக்கு வெறுஞ்சுவரா?" அனம் பொரிந்து தள்ளினாள். "ஓடுங்க!"

முந்தாநாள் வாங்கிப்போனவள் தீர்த்தம்மாள். "முருங்கக்கா பறிச்சுட்டு அப்பவே பூவரசன்கிட்ட குடுத்துட்டனே பாய்!" என்று அவளும் கூடவே ஓடிவந்தாள். பூவரசன் வீட்டு வாசலில் ஏணி கிடந்த கோலத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு பக்கத்து மூங்கில் நெடுகப் பிளந்து, நாலு படிகள் கழன்று கிடந்தன.

"தண்ணி டேங்க் கழுவ ஏறனங்க. இன்னைக்கு சரிபண்ணிக் கொண்டாந்துர்லாம்னுதான்..." பூவரசன் தலையைச் சொறிந்தான்.

"ஒன்பது மணிக்கு மண்டபத்துல வேலப்பா எனக்கு," என்று நிசார் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அழுகையே வந்துவிட்டது.

உட்கார விட்டால்தானே! தீர்த்தம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே திரண்டது. பக்கத்து வீட்டு மாரியப்பன், புடலைப் பந்தலுக்கு வைத்திருந்த மூங்கிலை இழுத்து வந்தார். பூவரசன் அதில் துளை போட்டான். தீர்த்தம்மாள் மாட்டுக்கொட்டகைக் கட்டைகளைப் படிக்குக் கொடுத்தாள். இறுக்கிக் கட்ட எருமைக் கயிற்றையும் அவிழ்த்துக்கொண்டு வந்தாள். எருமை பாட்டுக்குத் தெருவில் நடந்தது.

எட்டே முக்காலுக்கு ஏணி நாலு பேர் தோளில் மண்டபம் போய்ச் சேர்ந்தது. மண்டபக்காரர் புது மூங்கிலைத் தட்டிப் பார்த்தார். "சொந்த ஏணிதான பாய்?"

ஆமாம் என்றால் முடிந்துபோகும் விஷயம். ஆனால் தூக்கி வந்தவர்கள் பக்கத்திலேயே நிற்கிறார்களே! இருபது வருடத்தில் ஒவ்வொருவரும் உடைத்து, ஒவ்வொருவரும் மாற்றி, தான் வாங்கிய கட்டை ஒன்றுகூட அதில் மிச்சமில்லை என்பது நிசாருக்கு அப்போதுதான் உறைத்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"இல்லீங்க. எங்க தெரு ஏணிங்க."

போச்சு வேலை என்று பூவரசன் கண்ணை மூடிக்கொண்டான். மண்டபக்காரர் வியர்த்து நின்ற எல்லோரையும் ஒருமுறை பார்த்தார்.

"சரி, மேல ஏறு," என்றார். பிறகு கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினார். "சாயங்காலம் வேல முடிஞ்சதும் நம்ம வூட்டுக்குக் கொஞ்சம் அனுப்பறீங்களா பாய்? மாங்கா பறிக்கணும்."