விழிஞ்ஞத்துப் பாறையில் ஒட்டியிருந்தவை

பழவங்காடியில் ஒரு ஓட்டல் வாசலில் சிப்பி பொரியும் மணம் வந்தாலே போதும், நான் விழிஞ்ஞத்துப் பாறைக்குப் போய்விடுவேன். சின்ன வயசில், கடல் இறங்கும் நேரம் பார்த்து அப்பா அங்கே கூட்டிப்போவார். மேலே வெயிலில் வாயை மூடிக்கொண்டு கிடக்கும் பொடி நத்தைகள், அதற்குக் கீழே கல்லோடு கல்லாய் ஒட்டிக் காலைக் கிழிக்கும் வெள்ளைக் கொட்டலசு ஓடுகள், இன்னும் கீழே நாரால் கல்லைப் பிடித்துக்கொண்டு அலையில் அடிவாங்கும் சிப்பி என்று பாறையே ஒரு மாடிவீடாக இருக்கும். குல்லாய் போல ஒரு நத்தையும் உண்டு. கடல் ஏறினால் மேயப்போய், கல்லில் தான் பதித்துவைத்த தழும்பிலேயே சரியாக வந்து உட்கார்ந்துகொள்ளும். நான் அதைப் பெயர்க்கப் பார்த்தால், சிப்பி எடுக்கும் ஸ்டெல்லா அக்கா சிரிப்பார்: "மாமியா மாதிரியாக்கும் மக்கா. தட்டுனா இறுக்கும், விட்டா இளகும்."

அந்தப் பாறை இப்போது இல்லை. துறைமுகத்துக்காக அதன்மேல் புதுக்கல் கொட்டி அடுக்கிவிட்டார்கள். அது தெரியாமல், அந்தக் குல்லாய் நத்தையைக் காட்டத்தான் போன மாதம் மகளை அழைத்துப் போனேன். அவள் கல்லைத் தடவிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்லியே அம்மா" என்றாள்.

பல வருஷம் கழித்து ஒருநாள் அந்தக் கல்லிலும் அவையெல்லாம் வந்து ஒட்டும். அப்போது அவளுக்குக் காட்ட, அந்தக் கற்களில் இறங்க என் முழங்கால் சம்மதிக்காது.