சாம்பல் பூசாத கை

மலையாண்டி செத்த அன்று அவர் மனைவி சொர்ணவல்லி அழவில்லை. கந்தர்வக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பெண்ணுக்கு இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. மாரடித்து அழுத நாத்தனார் நடுவில் நிறுத்தி, மூக்கைச் சிந்திவிட்டு, இவள் கண்ணைத் தொட்டுப் பார்க்காத குறைதான். கல்நெஞ்சுக்காரி என்று பேர் வைத்து, பந்தல் பிரிப்பதற்குள் ஊர் முழுக்கப் பரப்பிவிட்டார்கள்.

அது நடந்து எட்டு மாதம். நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு மிச்சமிருந்தது ஒரு படபடப்புதான். போன் அடித்தால் நெஞ்சு திக்கென்கிறது. தோப்பில் அவர் விழுந்து கிடக்கிறார் என்ற செய்தி போனில்தான் வந்தது. சிலிண்டரை மூடினோமா என்று மூன்று தடவை எழுந்துபோய்ப் பார்க்கிறாள். புதுக்கோட்டை டாக்டர் ஈசிஜி எடுத்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிற இதயம் ஏன் அழவில்லை என்று அவரிடம் எப்படிக் கேட்பது? இருபத்தாறு வருஷம் குடும்பம் நடத்திய மனுஷன் மேல் தனக்குப் பாசமே இல்லையோ என்பதுதான் அவள் பயம். அதை யாரிடமும் சொன்னதில்லை.

முந்திரி உடைக்கப் போவதை மட்டும் நிறுத்தவில்லை. வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்கிற வேலை. ஓட்டில் கசியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும் என்பதால், உட்கார்ந்ததும் கையில் அடுப்புச் சாம்பலைப் பூசிக்கொள்வார்கள். நேற்றுச் சேர்ந்தவள்கூட அதை மறக்க மாட்டாள். இருபது வருஷமாக உடைக்கிற சொர்ணவல்லி ஒருநாள் மறந்துவிட்டாள். மத்தியானம் வரை உடைத்தாள்.

சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கும்போதுதான் கூட வேலை செய்யும் சந்தனமேரி பார்த்தாள்.

"என்னக்கா இது, வெரலெல்லாம் கருத்துப்போயி... ஒங்களுக்கு எரியலையா?"

"இல்லையே."

பொய் இல்லை. வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். சந்தனமேரி அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

சாயங்காலம் உலை வைத்துவிட்டு, அரிசி களையத் தண்ணீருக்குள் கையை விட்டாள். சுரீரென்று ஏறியது எரிச்சல். விரல்நுனித் தோல் தனியாக வந்தது.

"என்னங்க, இங்கிட்டுக் கொஞ்சம் வாங்களேன். கையெல்லாம் எரியுது."

வாசலைப் பார்த்துச் சத்தமாகவே கூப்பிட்டாள். 'இந்தா வாரேன்' என்று அவர் சொல்ல எவ்வளவு நேரமாகும் என்று அவளுக்குத் தெரியும். அந்த நேரமும் தாண்டிப்போனது. அவர் வரமாட்டார் என்பது அப்போதுதான் உறைத்தது. உறைத்த பிறகும் இன்னொரு தடவை கூப்பிட வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது.