பரஸ்தானம் வைத்த பை

தன் மகனின் கால் போனதற்குத் தானே காரணம் என்று நம்பிக்கொண்டே என் நண்பனின் அம்மா இறந்துபோனாள். அது உண்மையல்ல என்று எனக்குத் தெரியும். ஒரே வாக்கியத்தில் அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

யுத்தம் முடிந்த மறுவருஷம் அது. பட்டாளம் கழித்துப்போட்ட மோட்டார் சைக்கிள்கள், செம்பூர்ப் பக்கம் ஒரு பழைய சாமான் வியாபாரியின் கொட்டகையில் வரிசையாக நின்றன. பம்பாய் மாதுங்காவில் ஒரே கட்டிடத்தில் குடியிருந்த மூன்று குமாஸ்தாக்கள் நாங்கள். நான் ஒரு வண்டி வாங்கினேன். எதிர்வீட்டு நண்பன் ஒன்று வாங்கினான். மூன்றாமவன் பாலக்காட்டுக்காரன். அவன் வண்டி வாங்கவில்லை, வாயை மட்டும் கொண்டுவந்தான். பெட்ரோலுக்குக் கூப்பன் இருந்த காலம். கூப்பன்களைச் சேர்த்துவைத்து பெங்களூர் வரை போய்வருவதென்று திட்டம் போட்டோம்.

லீவு வியாழக்கிழமை தொடங்கியது. முதல்நாள் எதிர்வீட்டு மாமி பஞ்சாங்கத்தோடு கூடத்துக்கு வந்தாள்.

"வியாழக்கிழமை தெக்கே சூலம். நாளைக்குக் கிளம்பப்படாது."

"லீவு நாளையிலேருந்துதாம்மா குடுத்திருக்கான்" என்றான் அவள் மகன்.

"மாமி, தானே ஊர் வரைக்கும் வடக்கேதான் போறோம். அங்கேருந்து திரும்பினா சூலத்துக்கு எப்படித் தெரியும்?" என்றான் பாலக்காட்டுக்காரன்.

"நீ வாயை அலம்பிண்டு வா. பரஸ்தானமாவது வெக்கணும்."

நாள் சரியில்லாவிட்டால், அதற்கு முந்தைய நல்ல வேளையில் பயணச் சாமான்களில் ஒன்றை வேறொருவர் வீட்டில் கொண்டுபோய் வைத்துவிடுவது எங்கள் வழக்கம். அப்போதே பயணம் புறப்பட்டுவிட்டதாகக் கணக்கு. மறுநாள் போகிற வழியில் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் துணிமணியைத்தான் வைப்பார்கள். அன்று தோபி துணி கொண்டுவரவில்லை. வாசலில் தயாராக இருந்தது டூல் பைதான். பஞ்சர் ஒட்டும் சாமான், காற்றடிக்கும் பம்பு, டயர் கழற்றும் கம்பி, மாற்று டியூப் எல்லாம் அதில்தான். மாமி அந்தக் காக்கிப் பைக்குக் குங்குமம் இட்டு என்னிடம் கொடுத்தாள். கிங் சர்க்கிளில் ஒரு சந்தில் அவளுடைய அண்ணா தனியாகக் குடியிருந்தார். அவர் வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாள் எடுக்க வேண்டியவனும் நானே.

விடிந்ததும் கிளம்பினோம். "நீங்க முன்னால போங்கோடா. பையை எடுத்துண்டு சயான்ல பிடிக்கறேன்" என்றேன். தெரு காலியாக இருந்தது. வண்டி புதிதல்ல என்றாலும் எனக்குப் புதிது. கைப்பிடியை முறுக்கினால் அது பாய்ந்த விதத்தில் எனக்கு வேறெதுவும் நினைவில்லை. சந்தைத் தாண்டியதுகூடத் தெரியவில்லை. சயானில் இருவரும் ஓரமாக நின்றிருந்தார்கள்.

"எடுத்துண்டாச்சா?" என்று நண்பன் கேட்டபோதுதான் பை நினைவுக்கு வந்தது.

"ஆச்சு" என்றேன்.

திரும்பிப் போயிருந்தால் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். பாலக்காட்டுக்காரனின் கேலி வழி முழுக்கத் துரத்தும் என்று கூசினேன். கிளம்பிய பிறகு திரும்பக் கூடாது என்று மாமியே சொல்வாளே என்று ஒரு சமாதானமும் கிடைத்தது. சகுனத்தில் எனக்கு நம்பிக்கை கிடையாது. அன்று அது வசதியாக இருந்தது.

புனேயைத் தாண்டி, கம்பட்கி மலைப்பாதை தொடங்குவதற்குச் சற்று முன்னால் நண்பனின் பின்சக்கரம் பஞ்சராயிற்று.

"பையை எடுடா."

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, பாலக்காட்டுக்காரன் சிரித்துவிட்டான். "என்னடா இது, பரஸ்தானம் இன்னும் பிரயாணம் பண்ணிண்டிருக்கா?"

"மாமா ஆத்துக் கதவு பூட்டியிருந்தது" என்றேன். "சொன்னா நீங்க கலவரப்படுவேளேன்னு சொல்லல."

அந்த மாமா தினமும் விடியற்காலையில் கோவிலுக்குப் போகிறவர். அது எல்லோருக்கும் தெரியும். ஆகையால் யாரும் என்னைச் சந்தேகிக்கவில்லை. "சொல்லித் தொலைச்சிருக்கப்படாதா" என்றதோடு நண்பன் விட்டுவிட்டான்.

அந்தப் பக்கமாக ஒரு லாரி வந்தது. டிரைவர் இறங்கிப் பார்த்தார். சாமானை அடுத்த ஊரில் இறக்கிவிட்டுச் சாயங்காலம் வருவதாகவும், வண்டியை சாதாராவுக்கு ஏற்றிக்கொண்டு போவதாகவும் இந்தியில் சொன்னார். நண்பன் சரி என்றான். நான்தான் தடுத்தேன். சாயங்காலம் வரை ஒரு மரத்தடியில் உட்கார்ந்தால் அந்தப் பையைப் பற்றியே பேசுவார்கள், ஏதாவது கேள்வி வரும் என்று பயந்தேன். பஞ்சரான டயருக்குள் புல்லைத் திணித்துக்கொண்டு பட்டாளத்துக்காரர்கள் ஓட்டுவார்கள் என்று எங்கோ கேட்டிருந்தேன். அதை நேரில் பார்த்தவன்போலச் சொன்னேன்.

டிரைவர் தலையை ஆட்டினார். "காட் மே மத் ஜானா, பாபு." மலைப்பாதையில் போகாதே என்றார்.

வண்டியோடு இருந்த ஒரு ஸ்பானரின் கைப்பிடியாலும் கல்லாலும் டயரை நெம்பி, காய்ந்த புல்லை அடைத்தோம். பாரம் குறையட்டும் என்று பாலக்காட்டுக்காரனை என் பின்னால் ஏற்றிக்கொண்டேன். ஏற்றத்தில் ஒன்றும் ஆகவில்லை. இறக்கத்தில், ஒரு வளைவில், நண்பனின் டயர் சக்கரத்தை விட்டுக் கழன்றது. வண்டி சாய்ந்து இழுத்துக்கொண்டே போய் ஓரத்துக் கல்சுவரில் மோதியது. அவனுடைய வலது கால் இரண்டுக்கும் நடுவே இருந்தது. நான் ஓடிப்போய் வண்டியைத் தூக்கியபோது அவன் அலறவில்லை. "செருப்பு எங்கடா, செருப்பு எங்க" என்று கேட்டுக்கொண்டிருந்தான்.

மாட்டுவண்டியில் போட்டு சாதாராவுக்குக் கொண்டுபோனோம். காயம் புரையோடியது. அதற்கான மருந்து அந்த ஊரில் அகப்படவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மாமியை ரயிலில் அழைத்துவந்தவர் அவளுடைய அண்ணா. ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் நான் அந்தப் பொய்யை மறுபடியும் சொல்ல வேண்டியிருந்தது. அவர் தரையைப் பார்த்தபடி, "கோவிலுக்குத்தான் போயிருப்பேன்" என்றார். மாமி அவரைக் குறை சொல்லவில்லை.

"அண்ணா அந்த வேளைக்கு ஆத்துல இருக்கமாட்டான்னு எனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் அங்க குடுத்தனுப்பினேனே. துணி வெக்க வேண்டிய எடத்துல அந்தப் பையை வெச்சது நான். என் கொழந்தை காலை நானே வாங்கிட்டேன்."

அப்போது வாயைத் திறந்திருக்க வேண்டும். பாலக்காட்டுக்காரன் பக்கத்தில் நின்று அழுதுகொண்டிருந்தான். நானும் அழுதேன். அழுதால் போதும் என்று இருந்தது.

ஊருக்குத் திரும்பியதும் மாமி காப்பி குடிப்பதை விட்டாள். எங்கள் வீடுகளில் அது சின்ன விஷயமில்லை. விடியற்காலை டிகாக்ஷன் இறங்கும் வாசனைக்காகவே எழுந்திருக்கிறவள் அவள். யுத்தகாலத்தில் அரிசியைக் குறைத்தாளே தவிர காப்பியைக் குறைத்ததில்லை. பிறகு கடைசிவரை அவள் ஒரு வாய் குடிக்கவில்லை. ஆனால் எனக்குப் போட்டுக் கொடுப்பாள். ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு நண்பன் உட்கார்ந்திருப்பான். அவனுக்கு நிச்சயமாகியிருந்த பெண் வீட்டார் பின்வாங்கிவிட்டார்கள், பிறகு யாரும் கேட்டு வரவில்லை. மாமி டபராவை என் முன்னால் வைத்து, "நீயாவது அவனை விடாம வந்து பாக்கறயேப்பா" என்பாள். நான் ஆற்றிக் குடிப்பேன். பல வருஷங்கள் அப்படிக் குடித்தேன்.

அவள் காரியங்களெல்லாம் முடிந்த மறுநாள் நண்பனிடம் சொன்னேன். சந்தைத் தாண்டியது, சயானில் நினைவு வந்தது, மாமா வீட்டுப் பக்கம் நான் போகவே இல்லை என்பது, எல்லாவற்றையும் சொன்னேன்.

அவன் ஊன்றுகோலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். பிறகு, "அம்மா இருக்கறச்சே சொல்றதுக்கு என்னடா? அடிச்சிருப்பேனா, ஒத்தைக் காலை வெச்சுண்டு?" என்றான்.

"இல்லை."

"அவ ஒரு வாய் காப்பியாவது குடிச்சிருப்பாடா."

எழுந்து, ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு, கதவு வரை வந்து என்னை வழியனுப்பினான். அதற்குப் பிறகு அவன் என்னைக் கூப்பிடவில்லை. நானும் போகவில்லை.